உப்பு இல்லையாம்

உள்பக்கம் விரல் படக்கூடாது தாத்தா, முதல்ல வாரதை விட்டிருங்க, நடுவால வாரதை மட்டும் பிடிங்க என்று சொல்லி இந்தச் சின்ன டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு ஜெனி சிஸ்டர் போய்விட்டது. நடு என்றால் எது நடு. பல்லு முளைக்காத பிள்ளை பெய்கிற ஒரு மடக்குத் தண்ணியில் முதல் எது, நடு எது, கடைசி எது. வாய்க்காலா என்ன, மடையைப் போட்டு நிறுத்திப் பிடிக்க. சரி, பிடிப்போம். இடுப்புக்குக் கீழே ஒன்றும் உடுத்தாமல் என் தொடை மேல் மல்லாக்கக் கிடக்கிறாள் லச்சி, என் பேத்தி. அவளுக்கு வைத்த பேர் லக்‌ஷிதா, அது என் வாயில் வந்தபாடில்லை, லச்சி என்கிறேன், அவளும் அதற்குத்தான் திரும்பிப் பார்க்கிறாள். பார்க்கிறாள் என்பது போன வாரம் வரைக்கும். இப்போது கூப்பிட்டால் கண்ணைச் செருகிக்கொண்டு கிடக்கிறாள். உடம்பின் கொதிப்பு வேட்டியைத் தாண்டி என் தொடைக்கு வருகிறது. என் மகள் கனி, இவளைப் பெற்றவள், ரத்தம் பார்க்கிற இடத்தில் முடிவுக்காக நிற்கிறாள். போகும்போது சொல்லிவிட்டுப் போனாள்: "எப்பா, கண்ணை எடுக்காம பாருங்க. ஊசி மருந்து போடுறதுக்கு முந்தி ஒண்ணுக்கைப் பிடிச்சாகணும். மருந்து உள்ள போயிட்டா கிருமி தெரியாம ஒளிஞ்சுக்கிடுமாம்." கண்ணை எடுக்கவில்லை மகளே. எடுக்காமல்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ், எந்தாயி, போயிரு தாயி. வெளியே பகல் வெயில் பல்லைக் காட்டுகிறது. மேலே விசிறி சுற்றுகிறது, சுற்றும்போது ஒரு பக்கம் தட்டுகிறது, டக், டக், டக். பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் இந்தத் தட்டலை ஒருத்தரும் கேட்கவில்லையா, எனக்கு மட்டும்தான் கேட்கிறதா.

பல்லு என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எதிர்வீட்டு அன்னத்தாய் சொன்னாள், பால்காரர் சொன்னார், நானும் சொன்னேன், ஈறு வீங்கியிருக்கு பாரு, பல்லு வரும்போது காயத்தான் செய்யும் என்று. காய்ச்சல் இறங்கும், சிரிப்பாள், சாயங்காலம் திரும்ப ஏறும். கனிதான் நம்பவில்லை. ஒண்ணுக்குப் போகும்போது பிள்ளை முகத்தைச் சுளிக்குப்பா என்றாள். எந்தப் பிள்ளைதான் சுளிக்காது. அவளுடைய மாப்பிள்ளை தோணியில் மாலத்தீவுப் பக்கம் போயிருக்கிறான், நடுக்கடலில் இருக்கிறவனிடம் எந்தப் போனில் சொல்ல. காலையில் ஆட்டோ பிடித்து இங்கே வந்துவிட்டோம். டாக்டரம்மா சின்ன வயசுதான், கனி வயசு இருக்கும். லச்சியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. காதைப் பார்த்தது, தொண்டையைப் பார்த்தது, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டது. சளி இல்லை, இருமல் இல்லை, வயிற்றால் போகவில்லை. "காரணம் காட்டாத காய்ச்சல்னா, பொம்பளப் பிள்ளைக்கு முதல்ல யூரினைத்தான் பார்க்கணும்" என்றது. பிறகு அந்த விரலளவு கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். வத்தக்குழம்புக் கரண்டியில் பாதிகூட இருக்காது, ஆனாலும் இவள் உடம்பில் மொத்தமே எவ்வளவு இருக்கப்போகிறது. "இவ்வளவு எதுக்கும்மா" என்று கேட்டேன். "ரத்தத்துல ரெண்டு விஷயம் பார்க்கிறோம் தாத்தா. கிருமி கீழ மூத்திரப் பையோட நிக்குதா, மேல கிட்னி வரைக்கும் ஏறியிருக்கான்னு குத்துமதிப்பா தெரியும்" என்றது. ஏறியிருக்கா. நல்ல பிள்ளை, சிரித்த முகமாகத்தான் சொன்னது. ஆனால் அந்தச் சொல்லில் என் மண்டை மாட்டிக்கொண்டது, அதற்குப் பிறகு அது சொன்னது ஒன்றும் காதில் விழவில்லை. வெயில் ஏறும், வண்டியில் மூட்டை ஏறும், மாசியில் கடல் ஏறி வரும், எல்லாம் இறங்கவும் செய்யும். மனுசன் உடம்புக்குள் ஒன்று ஏறிவிட்டால் அதை இறக்கத் தெரிந்தவனை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேச்சித்தாய்க்கு ஏறியது. என் வீட்டுக்காரி. நாங்கள் ரெண்டு பேரும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்கள், நான் பாத்தியில் வாருவேன், அவள் சுமப்பாள். அங்கே பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை வெளேர் என்று கிடக்கும், ஒதுங்க ஒரு முள்ளுச்செடி கிடையாது. ஆம்பளை நாங்கள் திரும்பி நின்றுகொள்வோம். பொம்பளைகள் என்ன செய்வார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை, அவளும் சொன்னதில்லை. தண்ணி குடிக்க மாட்டாள். "குடியேன்ட்டி, நாக்கு வறண்டு சாவ" என்றால், "குடிச்சா போகணும், போனா எரியும், குடிக்காமலே இருந்துட்டுப் போறேன், உங்க சோலியைப் பாருங்க" என்பாள். பிறகு ஒரு நாள் கால் வீங்கியது, முகம் வீங்கியது, அப்போது பார்த்த டாக்டர் சொன்னார், "ஐயா, ரத்தத்துல உப்பு ஏறிப்போச்சு." நான் சிரித்துவிட்டேன். உப்பு வாருகிறவன் வீட்டில் உப்பு ஏறாமல் சீனியா ஏறும். அவர் எந்த உப்பைச் சொன்னார் என்று யார் கண்டது. உப்பென்றால் எனக்குத் தெரிந்தது ஒரு உப்புதான். அவள் காலில் வெடிப்பு வெடிப்பாக இருக்கும், அது வழியாகத்தான் பாத்தித் தண்ணி உள்ளே போயிருக்கிறது என்று நினைத்தேன், அவளும் அப்படித்தான் நினைத்தாள். சாயங்காலமானால் வாசலில் உட்காரவைத்து நல்ல தண்ணியை ஊற்றி ஊற்றி அவள் காலைக் கழுவினேன். வந்தவழியே இறங்கட்டும் என்று. குழம்பில் உப்பை நிறுத்தினோம், சோற்றில் நிறுத்தினோம். சப்பென்று தின்றுவிட்டு அவள் சொல்லுவாள், "ஊருக்கெல்லாம் உப்பு போட்டோம், நம்ம தட்டுல இல்ல பாருங்க." காலைக் கழுவக் கழுவ வீக்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் ஒண்ணுக்கு வருவதே நின்றுவிட்டது. ஒரு பையைக் கட்டிலில் தொங்கவிட்டிருந்தார்கள், விடிந்தால் எல்லாரும் அந்தப் பையைத்தான் பார்ப்போம், முகத்தைப் பார்க்க மாட்டோம். பை காலியாகவே கிடந்தது.

"இன்னுமா வரலை? பேத்தி ரொம்ப அழுத்தக்காரிதான்" என்று ஜெனி சிஸ்டர் போகிறபோக்கில் நின்றது. "வெக்கப்படுதா போல, ஆம்பளை தாத்தா பிடிச்சிருக்காவள்ல" என்று பக்கத்து பெஞ்சில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கிற பொம்பளை சொன்னது. "எனக்கே வெக்கமாத்தான் இருக்கு தாயி, ஒரு சனம் விடாம எட்டிப் பார்த்துட்டுப் போனா யாருக்குத்தான் வரும்" என்றேன். சிஸ்டர் சிரித்துக்கொண்டே பஞ்சை ஈரமாக்கி லச்சியின் அடிவயிற்றில் வட்டம் வட்டமாகத் தேய்த்தது. "இப்படியே தடவிட்டே இருங்க. குளுந்தா போயிருவா. டப்பாவைக் கிட்டக்க வையுங்க, ஒட்டிராம." தடவுகிறேன். என் விரல் இவள் வயிறு அகலம் இருக்கிறது. இந்தக் கையால் தடவலாமா. வருமுன் சோப்பைப் போட்டு மூன்று தரம் கழுவினேன்தான், ஆனால் இந்த ரேகைக்குள் இருக்கிற வெள்ளை போகாது, அளத்தை விட்டு வந்து எத்தனையோ காலமாகியும் மழைநாளில் உள்ளங்கை கசகசவென்று இருக்கும். கனி வயிற்றில் இருக்கும்போதும் பேச்சித்தாய் சுமந்தாள், நிறை வயிற்றோடு பெட்டியைத் தலையில் ஏற்றிவிட்டவன் நான்தான். ரத்தத்தில் ஏறியது ரத்தத்தோடுதானே இறங்கும். அவளிடமிருந்து கனிக்கு, கனியிடமிருந்து இந்தச் சின்ன வயிற்றுக்கு. கனி ஒரு நாளும் அளத்துப் பக்கம் வந்ததில்லை, பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை பார்த்தாள், தண்ணி பாட்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு போவாள், குடித்துக்கொண்டே இருப்பாள். அவளைத் தொடாமல் தாண்டி இவளுக்கு வருமா. கேட்டால் அந்த டாக்டரம்மா சிரிக்கும். சிரித்தால் நல்லது, சிரிக்காவிட்டால் என்ன செய்ய. ஆகையால் கேட்கவில்லை. ஸ்ஸ்ஸ், ஸ்ஸ்ஸ். விசிறி தட்டுகிறது. பேச்சித்தாய் அந்தக் கட்டிலில் கிடக்கும்போது ஒரு தரம் கேட்டாள், "இங்காருங்க, பை நிறைஞ்சிருக்கா?" என்று. நிறைஞ்சிருக்கு என்று சொன்னேன். அவள் முகம் தெளிந்தது. சும்மா சொன்னேன், ஒரு சொட்டும் இல்லை. தெளிந்த அந்த முகம் எனக்கு அப்படியே நிற்கிறது, மூக்குத்தி கழற்றிய இடத்தில் வெளுப்பாக ஒரு புள்ளி, உதட்டில் பொருக்கு, அதை ஈரத் துணியால் ஒற்றி எடுத்தேன், ஒற்றும்போது தொடையில் கதகதவென்று, என்ன இது, கதகதவென்று இறங்குகிறது, நல்ல சூடு, தொடை வழியே முழங்காலுக்கு. போகிறாள். எந்தாயி போகிறாள். நிற்கவில்லை பேச்சி, பிள்ளைக்கு நன்றாகப் போகிறது, பார், பார் எவ்வளவு என்று எனக்குள்ளே ஒரு கெக்கலிப்பு, கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பெஞ்சுப் பொம்பளை கத்துகிறாள், "தாத்தா, டப்பா, டப்பா." டப்பா என் வலது கையில்தான் இருக்கிறது. உலர்ந்து இருக்கிறது. அரை முழம் தள்ளி, அந்தரத்தில், என்னமோ தீபாராதனைத் தட்டு மாதிரிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

கொண்டுபோய் வைப்பதற்குள் நின்றுவிட்டது. மொத்தமும் வேட்டியில். லச்சி கண்ணைத் திறந்து ஒரு நிமிசம் என்னைப் பார்த்தாள், உடம்பு லேசாகிவிட்டது போல, திரும்ப மூடிக்கொண்டாள். வேட்டியைப் பிழிந்தால் ஒரு மடக்கு தேறும். பிழியலாமா என்று நிஜமாகவே நினைத்தேன், முனையைச் சுருட்டிக்கூடப் பிடித்துவிட்டேன். பிழிந்தால் என் அழுக்கும் வரும், என் உப்பும் வரும், அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைக்கு ஏறியிருக்கிறது என்று எழுதிவிட்டால். விட்டுவிட்டேன். பக்கத்துப் பொம்பளை, "விடுங்க, எம்பிள்ளை என் மடியில ரெண்டு தரம் போனான்" என்றாள். ஆறுதலுக்குச் சொல்லுகிறாள், அந்தக் குரலே தெரிகிறது. கனி வருகிறாள். நடையை வைத்தே மகள் என்ன கொண்டுவருகிறாள் என்று எனக்குத் தெரியும், ஆனால் இந்த நடை எனக்குத் தெரியாத நடையாக இருக்கிறது, வேகமாகவும் இல்லை, தளர்ச்சியும் இல்லை. வந்தவள் ஈர வேட்டியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாயிருக்கும். பிள்ளையை வாங்கி மார்பில் போட்டுக்கொண்டாள். "ஏளா, என்ன சொன்னாவ, ஏறியிருக்கா?" என்றேன். "ஏறியிருக்குப்பா" என்றாள். பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "உப்பா?" "எந்த உப்பு?" "உன் அம்மைக்கு ஏறிச்சே." கனி என்னைப் பார்த்த பார்வையை என்னால் சொல்ல முடியவில்லை. "உப்பு இல்லப்பா. அது வேற. சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு ஏறியிருக்கு. இன்னொண்ணு இருக்கு, பேரு எனக்கு வாயில நுழையலை, அது ஏறவும் இல்ல, இறங்கவும் இல்லயாம்."

டாக்டரம்மா வந்தது. வேட்டி நனைந்ததைக் கண்டும் காணாததுபோல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. கனி ஏதோ காதில் சொல்லியிருப்பாள் போல. "தாத்தா, நீங்க பயப்படுற உப்பு இவளுக்கு அளவாத்தான் இருக்கு. கிட்னி வேலை செய்யுது. ஏறியிருக்கிறது வேற சாமான். உடம்புக்குள்ள சண்டை நடந்தா ஈரல் அதை ரத்தத்துல விடும்." "எங்க சண்டை?" என்றேன். "அதுதான் சிக்கல். சண்டை நடக்குதுன்னு அது சொல்லும், எந்த இடத்துலன்னு சொல்லாது. சாதாரண காய்ச்சலுக்கும் கொஞ்சம் ஏறும்." "அப்ப அந்த இன்னொண்ணு?" "அது நல்லா ஏறியிருந்தா கிட்னிதான்னு ஓரளவு தைரியமாச் சொல்லலாம், ஏறவே இல்லைன்னா இல்லைங்கலாம். இவளுக்கு நடுவுல நிக்குது." திரும்பவும் நடு. "நீங்க படிச்சவிய, உங்க மனசுக்கு என்ன தோணுது" என்று கேட்டுவிட்டேன். அது கழுத்துக் குழாயைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டது. "எனக்கும் தெரியல தாத்தா. கிட்னியில இருக்குன்னு வச்சிக்கிட்டே மருந்து போட்டிருவோம், அதுதான் பத்திரம். தழும்பு விழுந்துச்சா இல்லையான்னு பிறகு சில மாசம் போய் ஒரு படம் எடுத்தாத்தான் தெரியும்." பொய் சொல்லியிருக்கலாம். ஏறலை தாத்தா, போங்க என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் என் முகமும் தெளிந்திருக்கும். சொல்லவில்லை, நல்ல பிள்ளை, அதற்குச் சும்மா சொல்லத் தெரியவில்லை. இவ்வளவு ரத்தத்தை எடுத்து, இவ்வளவு மிஷினில் போட்டு, ரத்தமே வாயைத் திறக்க மாட்டேன் என்றால் யாரைப் போய்க் கேட்க.

டப்பாவில் பிடிக்கக் காத்திருக்க இனி நேரமில்லையாம். சின்னக் குழாய் விட்டு எடுக்க வேண்டுமாம். நான் பிடித்திருந்தால் இது வேண்டியிருக்காது, அதை ஒருத்தரும் சொல்லவில்லை, எல்லாரும் சொல்லாமல் இருப்பது காதை அடைக்கிறது. கனி தலைமாட்டில் நின்றாள், அவளால் காலைப் பிடிக்க முடியவில்லை. "நீங்க பிடிங்கப்பா." பிடித்தேன். முழங்கால் ரெண்டையும் விரித்து, அசையாமல். இவ்வளவு சின்னக் காலுக்கு இவ்வளவு பலம் எங்கிருந்து வருகிறது. "இன்னும் கொஞ்சம் விரிங்க தாத்தா, இறுக்கி, பாவம் பார்க்காதீங்க" என்கிறது ஜெனி. லச்சி வீரிட்டாள். வலிக்கு அழுகிற அழுகை எனக்குத் தெரியும், இது அது இல்லை. கண்ணை முழுசாகத் திறந்து என்னைப் பார்த்து அழுதாள், டாக்டரை அல்ல, குழாயை அல்ல, பிடித்திருக்கிற என்னை. முடிஞ்சிட்டு தாயி, முடிஞ்சிட்டு என்கிறேன், முடியவில்லை. குழாய் வழியாகக் கொஞ்சம் கலங்கலாக இறங்கியது. டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தது. நான் அதன் முகத்தைப் பார்த்தேன், கனியும் அதைத்தான் பார்த்தாள். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "இதை அனுப்பி வளர்த்துப் பார்க்கணும். ரெண்டு மூணு நாள் ஆகும்" என்றது. "எதை வளர்க்க?" "கிருமியைத்தான் தாத்தா. ஒரு தட்டுல அதுக்குச் சாப்பாடு வச்சு, இதமா சூடு கொடுத்து வளர்ப்பாங்க. நல்லா வளர்ந்துச்சுன்னா எந்த மருந்துக்குச் சாகும்னு கண்டுபிடிச்சிரலாம். வளரலைன்னா, காய்ச்சலுக்குக் காரணம் வேற எங்கேயோன்னு முதல்லேருந்து தேடணும்." என் பேத்தி மூன்று வேளையாகப் பால் குடிக்கவில்லை, அந்தக் கிருமிக்குச் சாப்பாடு வைப்பார்களாம்.

கையில் ஊசி ஏறியதும் லச்சி கனி தோளில் தூங்கிவிட்டாள், தூக்கத்தில் விக்குகிறாள். கனிக்கு என்னைப் பார்க்கச் சகிக்கவில்லையோ, இல்லை எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ, "எப்பா, வாசல்ல வேப்பமரத்தடியில பிள்ளையார் இருக்காரு. போய்க் கும்பிட்டுட்டு, ஒரு டீயைக் குடிச்சிட்டு வாங்க. இங்க நீங்க நின்னு ஒண்ணும் ஆகப்போறதில்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையும் அதுதான். வந்து நிற்கிறேன். வேட்டி வெயிலில் காய்ந்து தொடையில் மொடமொடக்கிறது. பிள்ளையார் சின்னப் பிள்ளையார்தான், யாரோ அருகம்புல்லும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்திருக்கிறார்கள். கையைக் கூப்பிவிட்டேன். கேட்க வேண்டியதுதான் பாக்கி. அந்தக் கிருமி நல்லா வளரணும் சாமி என்று கேட்கவா. வளர்ந்தால் மருந்து தெரியும், ஆனால் வளர்ந்தது என்றால் அது இவளுக்குள் இருந்திருக்கிறது, கீழேயோ மேலேயோ, இருந்து அரித்திருக்கிறது. வளரக் கூடாது சாமி என்று கேட்கவா. வளராவிட்டால் இவளுக்குள் இருக்கிறது எது, அதற்குப் பேர் என்ன, திரும்பவும் ஊசி, திரும்பவும் நான் காலைப் பிடிக்க. ஏறாமல் இருக்கட்டும் என்று கேட்கலாம். ஏறியிருந்தால் அது எப்போதோ ஏறிவிட்டது, நடந்து முடிந்ததைக் கேட்டு என்ன, சாமிதான் என்ன செய்யும். நல்லா இருக்கணும் என்று மொத்தமாகக் கேட்டுவிட்டுப் போகலாம், எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள், ஆனால் அப்படிக் கேட்டால் அவருக்கு எதைச் செய்யச் சொல்லுகிறேன் என்று எப்படி விளங்கும். எனக்கே விளங்கவில்லையே. பின்னால் ஒரு இளவட்டம், கையில் மருந்துப் பை, செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நிற்கிறான். "பெரியவரே, கும்பிட்டுட்டீங்கன்னா கொஞ்சம் தள்ளுங்க, உள்ள கூப்பிடுவாங்க" என்கிறான். அவனுக்கும் அவசரம்தான். தள்ளி நின்று கொடுத்தேன். கண்ணை மூடி, படபடவென்று ஏதோ சொல்லி, கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் இன்னும் கூப்பின கையை எடுக்கவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை.